முதுகை விடு, முழங்காலைக் கவனி

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தில் இருந்த கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை. "பாலே ஆடுகிறவர்களைப்போல உச்சந்தலையை ஒரு நூல் மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன், நடந்தேன். கூன் போகவில்லை, கழுத்துவலிதான் மிச்சம். ஏன் சார்?" என்று கேட்டிருந்தாய். பிசியோதெரபி படிக்கிறவள் நீ, எலும்பும் தசையும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்சம் கோபத்தோடுதான் வருகிறேன். கோபம் உன்மேல் இல்லை. 'நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னால் தள்ளு, வயிற்றை எக்கு' என்ற மூன்று கட்டளைகளை பாலே என்று பெயர் சூட்டி விற்கிறார்களே, அவர்கள்மேல். அது பட்டாளத்து 'அட்டென்ஷன்', பாலே அல்ல. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று அதை அப்படியே செய்து பார். நெஞ்சு முன்னால் போனவுடன் கீழ்விலா துருத்திக்கொள்ளும். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கி வளையும். மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். இத்தனைக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் தலை நாலரை, ஐந்து கிலோ. அதை நூல் இழுக்கவில்லை, உன் கழுத்துத் தசைகள்தான் நாள் முழுக்க இறுகிப் பிடித்திருந்தன. வலிக்காமல் என்ன செய்யும்?

நூல் என்ற கற்பனை தவறானதல்ல. நல்ல ஆசிரியர் வகுப்பில் அது வேலை செய்யும். ஆனால் அது பாதிப் பாடம். மீதிப் பாதி தரை. பாலே மாணவிக்கு உயரம் கிடைப்பது பாதத்தால் தரையை அழுத்துவதிலிருந்து. தரை திருப்பித் தரும் விசை கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியே ஏறி முதுகெலும்பைத் தாங்குகிறது. தரையை மறந்துவிட்டு நூலை மட்டும் பிடித்துக்கொண்டவர்களுக்கெல்லாம் உன் கழுத்துவலி வரும்.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பாலே கலைஞர்கள் இருபத்துநாலு மணி நேரமும் நிமிர்ந்தே இருக்கிறார்கள் என்று யார் சொன்னது? டெகாவின் ஓவியங்களைப் பார். பாரிஸ் ஓபராவின் ஒத்திகை அறைகளை ஆண்டுக்கணக்காக வரைந்தவர் அவர். மேடையில் ஆடுகிறவர்களைவிட ஆடாமல் இருக்கிறவர்களைத்தான் அவர் கண் அதிகம் தேடியது. கொட்டாவி விடுகிறவள், முதுகைச் சொறிகிறவள், பெஞ்சில் சரிந்து கிடக்கிறவள். 1882 வாக்கில் தீட்டிய 'காத்திருப்பு' என்ற படத்தில் ஒரு நடனப்பெண் முழுக்கக் குனிந்து தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண், கையில் குடை. அந்தக் கூன்முதுகை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை. வேலை செய்த முதுகு ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். தேவைப்படும்போது எழுந்துகொள்ள அவளுக்குத் தெரியும். நாம் கற்கவேண்டியது அந்த எழுச்சியைத்தான், நாள் முழுக்க விறைத்து நிற்பதை அல்ல. எந்த நிலையிலும் அசையாமல் நெடுநேரம் இருந்தால் உடம்பு நோகும், அது எவ்வளவு அழகான நிலையாக இருந்தாலும்.

சரி, எழுச்சி எங்கிருந்து தொடங்குகிறது? முழங்காலிலிருந்து என்பேன். என் சக ஆசிரியர்கள் இதில் என்னோடு ஒத்துப்போனதில்லை. முதுகெலும்பு என்பார் ஒருவர், அடிவயிறு என்பார் இன்னொருவர். நான் பிளியேயை விடுவதாக இல்லை.

பிளியே என்பது முழங்காலை மடக்கி நிமிர்வது. எந்த பாலே வகுப்பும் பெரும்பாலும் அதில்தான் தொடங்கும். சுவரோரம் உள்ள கம்பியில் கைவைத்து, முதுகு நேராக இருக்க, குதிகால் தரையை விட்டு எழாத அளவுக்கு இறங்கி ஏறுவார்கள். நீ சின்ன வயதில் பரதம் கற்றவள், அரைமண்டி உனக்குப் பழக்கம். பார்வைக்கு இரண்டும் அக்காள் தங்கை மாதிரி இருக்கும். ஆனால் அரைமண்டியில் இறங்கி அங்கேயே தங்கி ஆடுகிறோம். பிளியேயில் தங்கக் கூடாது. கீழே போய்ச் சேர்ந்த கணமே மேலே வரத் தொடங்கிவிட வேண்டும். இரண்டு மரபையும் தன் உடம்பாலேயே அறிந்தவர் ருக்மிணி தேவி. அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்று, பாவ்லோவாவின் தூண்டுதலால் நம் ஊர் நடனத்தைத் தேடி வந்து, 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர்.

குதிப்பவருக்கு பிளியே உயிர். தாவுவதற்கு முன்னும் அதுதான், தரை தொடும்போதும் அதுதான். டென்மார்க்கில் ஆகஸ்ட் பூர்னோன்வில் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த பாணியைப் பார்த்தால் புரியும். கால்கள் துள்ளிக்கொண்டே இருக்கும், கைகள் தாழ்ந்து அமைதியாக இருக்கும், சிரமம் முகத்தில் தெரியாது. தரையில் இறங்கும் ஓசை கேட்டால் அது பிழை. கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் அடுத்தடுத்து மடிந்து, விழுகிற எடையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதை உன் வீட்டு மாடிப்படிக்குக் கொண்டு வா. படி இறங்கும்போது மேல்படியில் நிற்கும் காலைக் கவனி. அது மெல்ல மடிந்து உன்னைக் கீழே இறக்கிவிட வேண்டும். பெரும்பாலோர் அந்த வேலையைச் செய்வதில்லை. காலை நீட்டி, கீழ்ப்படியில் உடம்பைத் தொப்பென்று போடுகிறார்கள். தொடையின் முன்தசை செய்யவேண்டிய வேலையை முழங்கால் மூட்டு அதிர்ச்சியாக வாங்கிக்கொள்கிறது. உங்கள் வீட்டில் யார் படி இறங்குகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாமே, அந்த ஓசைதான் அளவுகோல். ஓசை வராமல் இறங்கிப் பழகு. உச்சந்தலை, நூல், தோள் ஒன்றையும் நினைக்காதே. ஓசையில்லாமல் இறங்குகிற உடம்பு தானாகவே கால்மேல் வந்து உட்கார்ந்துவிடும், கூன் போட்டுக்கொண்டு அப்படி இறங்குவது கடினம்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்திருப்பாய். கம்பியைப் பிடிக்காமல், ஓடுகிற வண்டியில் நின்றபடி டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அவர் முழங்காலைப் பார், ஒரு நாளும் பூட்டியிருக்காது. பக்கத்தில் விறைப்பாக நிற்கிற பயணிதான் பிரேக் போட்டால் முன்சீட்டில் விழுவார். சும்மா நிற்கும்போதும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது என்று உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்த ஆட்டத்தை நிறுத்த முயல்கிறவர் களைப்பார், அதோடு இணங்குகிறவர் நிற்பார்.

பயிற்சி இதுதான். சமையல் மேடையோரம் நில். ஒரு கையை அதன்மேல் வை, பிடிக்காதே. பாதங்கள் இடுப்பகலத்தில், விரல்கள் முன்னோக்கி. பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றிலும் எடை இருக்கட்டும். நான்கு எண்ணி இறங்கு, நான்கு எண்ணி ஏறு. முழங்கால் இரண்டாம் விரலின் திசையில் போகவேண்டும், உள்பக்கம் சாயவே கூடாது. ஏறி முடித்ததும் முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டாதே. நடுவில் கையைச் சட்டென்று எடுத்துப் பார். உடம்பு சாய்ந்தால் எடை மேடையில் இருந்தது, காலில் இல்லை. இது பழகிய பிறகு ஒற்றைக்காலில் செய். நாற்காலியில் உட்காரும்போது மட்டும் முதுகை நேராகவே வைத்து இறங்க முயலாதே. அங்கே இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தால்தான் எடை பாதத்தின்மேல் இருக்கும்.

விரல்கள் முன்னோக்கி என்று நான் சொன்னதற்கு நீ முகம் சுளிப்பாய், பாலேயில் பாதங்களை வெளிப்பக்கம் திருப்புகிறார்களே என்று. பதினான்காம் லூயி மன்னன் 1661இல் நடன அகாதமி நிறுவிய காலத்திலிருந்து, அவனுடைய நடன ஆசிரியர் பியர் போஷான் ஐந்து பாதநிலைகளை வகுத்ததிலிருந்து, அந்தத் திருப்பம் வந்துகொண்டிருக்கிறது. தொடையெலும்பை இடுப்புக் கிண்ணத்தில் வெளிப்பக்கம் உருட்டினால் காலைப் பக்கவாட்டில் உயரமாகத் தூக்க முடியும், அதற்காக. மார்க்கெட்டுக்கு நடந்துபோவதற்காக அல்ல! இடுப்பில் திருப்பாமல் பாதத்தை மட்டும் திருப்புகிறவர் முழங்காலை முறுக்குகிறார். வாத்து நடை நடந்து தன்னை பாலே மாணவி என்று காட்டிக்கொள்ளும் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நீயாவது கேள்.

இடுப்பை உள்ளே சுருட்டச் சொல்லும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. முதுகில் அடிபட்ட லோட்டே பெர்க் என்ற நடனக் கலைஞர் 1959இல் லண்டனில் கம்பிப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அந்த வழியில் வந்த வகுப்புகள் பலவற்றில் இந்தச் சுருட்டல் உண்டு. இடுப்பு முதுகின் வளைவு உடம்புக்கு வேண்டியது. அதைத் தட்டையாக்கிக்கொண்டு நாளெல்லாம் திரிவதால் ஒரு லாபமும் இல்லை.

மேல் உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நடக்கும்போது இடது கால் முன்னே போனால் வலது தோள் முன்னே வரவேண்டும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு இந்தச் சுழற்சி நின்றுபோகிறது. கைகளை விடு, அவை ஆடட்டும்.

அக்ரிப்பினா வகனோவா 1934இல் எழுதிய பாடநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை உனக்கு அனுப்புகிறேன். மேடையில் தாமதமாகப் பெயர் பெற்று, சீக்கிரமே விலகி, கற்பிப்பதில் தன்னைக் கொட்டியவர். அவர் பெயரில்தான் இன்றும் பீட்டர்ஸ்பர்க் பள்ளி நடக்கிறது. பிளியே பற்றிய பக்கங்களை முதலில் படி, பென்சில் கோடுகள் என்னுடையவை, அழிக்காதே. கழுத்துவலி நூல் பயிற்சியை நிறுத்தியும் குறையாவிட்டால், அல்லது கை மரத்துப்போனால், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போ.

அன்புடன்,
உன் ஆசிரியன்