மூடிய பெட்டகத்தின் காவல்

நுழையும்முன்

புறத்தே பட்ட காயம் கண்ணுக்குப் புலனாகும். மூடிய மண்டையோட்டினுள் நிகழ்வதை எவ்வாறு அறிவது? தலைக்காயமுற்றோரின் மூளையை மருத்துவ உலகம் கண்காணிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டாம் பாதிப்பு

வளர்ந்த மனிதரின் மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனுள் மூளை, குருதி, மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அளவோடு அமைந்துள்ளன. ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். குறைய இடமில்லாதபோது உள்ளழுத்தம் உயரும்.

தலை மோதும் கணத்தில் நேர்வது முதல் பாதிப்பு. அதனை மாற்ற இயலாது. பின்னர்க் குருதிக்கசிவாலும் வீக்கத்தாலும் அழுத்தம் உயர்ந்து, மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் குறைவது இரண்டாம் பாதிப்பு. மணிக்கணக்கில் வளரும் இதனை முன்னறிந்தால் பெரிதும் தடுக்கலாம். கண்காணிப்பின் நோக்கம் இதுவே.

விழி, மொழி, அசைவு

நினைவிழந்தோரின் நிலையை முன்பு மருத்துவர்கள் ஆளுக்கொரு சொல்லால் குறித்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் வேறாகப் பொருள்கொள்ள நேர்ந்தது. இக்குறையைக் களைய, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். இன்றைய வழக்கில் அதன் மதிப்பெண்கள் வருமாறு: கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6. கூட்டுத்தொகை 15 எனில் முழு விழிப்பு. மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயத்தைக் காட்டும். இதனோடு, ஒளிபட்டதும் கண்பாவை சுருங்குகிறதா எனவும் நோக்குவர்.

ஒருமுறை பெற்ற எண் போதாது. அடிபட்டவர் சிலர் எழுந்தமர்ந்து தெளிவாகப் பேசுவர். மண்டையோட்டின் உட்புறத்திலோ குருதி திரண்டுகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் அவர் நினைவிழப்பார். ஆகவேதான் செவிலியர் அரைமணிக்கொரு முறை அழைத்து, விடை கேட்டு, குறித்துவைக்கின்றனர். 15 என்பது 13ஆக இறங்குவதே அபாய அறிவிப்பு.

கருவியும் கண்ணும்

கடுங்காயமுற்றோர்க்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, உணர்கருவி வழியே உள்ளழுத்தத்தை அளப்பர். அது 22 மில்லிமீட்டர் பாதரச அளவைக் கடந்தால் குறைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறி. பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் 324 நோயாளரிடம் நிகழ்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கருவிவழிச் சிகிச்சை பெற்றோர்க்கும், ஸ்கேன் படங்களையும் நேரடிப் பரிசோதனையையும் கொண்டு சிகிச்சை பெற்றோர்க்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி வேண்டா என்பது இதன் பொருளன்று; இடைவிடாத கவனிப்புக்கும் உயிர்காக்கும் ஆற்றல் உண்டு என்பதே பொருள்.

நம் கடமை

தலையில் அடிபட்டவர்க்கு மிகுதியான உறக்கம், தொடர் வாந்தி, வளரும் தலைவலி, கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், ‘தூங்கி எழுந்தால் சரியாகும்’ என இருத்தல் தகாது. உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். பொறுத்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளைக்கு இழப்பாகலாம்.

கற்பவை கற்றபின்

1. முதல் பாதிப்பு, இரண்டாம் பாதிப்பு – வேறுபடுத்துக.
2. ‘ஒருமுறை பெற்ற எண் போதாது’ – காரணம் காட்டி விளக்குக.