விளிம்பில் மிச்சம்: இன்னொரு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் அக்காவுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய். மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கினார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் விளிம்பில் புற்றுசெல் தெரிவதால் மறுபடி ஆபரேஷன் என்கிறார் டாக்டர். முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா? பேசாமல் மார்பகத்தையே எடுத்துவிடலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இதைக் கவனக்குறைவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கையில் தட்டுப்படும் கட்டியைத் தாண்டி, பால் நாளங்களுக்குள் பரவியிருக்கும் ஆரம்பநிலைப் புற்று கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் சிக்காது.

வெட்டியெடுத்த சதையின் திசை மாறிவிடக் கூடாதென்று, மேல்பக்கம் குட்டை நூலும் வெளிப்பக்கம் நீள நூலும் தைத்து லேபுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே பக்கத்துக்கு ஒரு நிறமாக மை பூசி, மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மையைத் தொட்டுக்கொண்டு புற்றுசெல் நின்றால், உள்ளேயும் மிச்சம் இருக்கலாம் என்று பொருள். முன்பு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. 2014-ல் அமெரிக்க நிபுணர் சங்கங்கள் அதைத் தெளிவாக்கின: ஊடுருவும் வகைப் புற்றுநோய்க்கு, மையில் செல் படாவிட்டால் போதும். நாளத்துக்குள்ளேயே அடங்கிய வகைக்கு 2 மி.மீ. வேண்டும் என்று 2016-ல் வந்தது.

ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்துவிட முடியாதா? ஓரளவு முடியும். எடுத்த சதையை அங்கேயே எக்ஸ்ரே பிடிக்கலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே வெட்டலாம். உறையவைத்துப் பரிசோதிக்கும் முறையும் உண்டு. கொழுப்பு சரியாக உறையாது என்பதால் அதை முழுக்க நம்ப முடியாது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது, கட்டியை எடுத்த குழியின் சுவர்களிலிருந்து சுற்றிலும் இன்னொரு மெல்லிய அடுக்கைச் சீவி எடுப்பது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 235 பெண்களிடம் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 21 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தார்கள். அப்படியும் பத்தில் ஒருவருக்கு மறுபடி செய்ய வேண்டியிருந்தது, பாருங்கள்.

மார்பகத்தையே எடுப்பதா? அவசரப்படாதீர்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும், மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவுதான் உயிர்வாழ்ந்தார்கள் என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-ல் காட்டின. பல விளிம்புகளிலும் செல் இருந்தால், அல்லது மறுபடி எடுத்தும் தெளிவாகாவிட்டால், அப்போது யோசிக்கலாம்.

எந்தப் பக்க விளிம்பு, ஒன்றா பலவா, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தால் மார்பகத்தின் வடிவம் நிற்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விளிம்பு தெளிவாகிவிட்டது என்பதற்காகக் கதிர்வீச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.