எம்.ஜி.பி. விற்கும் முன்

முதல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டரைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்து முடித்துவிட்டு, இப்போது இங்கிலாந்திலேயே விற்றுவிடலாம் என்று நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, கூரை போட்ட ஜி.டி.யையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. அபூர்வப் பொருள் கையில் இருக்கிறது என்ற நினைப்பை முதலில் விடுங்கள். வாங்க வருபவருக்கு வேறு வண்டிகளும் கிடைக்கும். உங்கள் பேச்சை நம்பினால்தான் உங்களிடம் வாங்குவார்.

1. போட்ட பணத்தை மறந்துவிட்டு விலை வையுங்கள். பெயிண்டுக்கு இவ்வளவு, லெதர் சீட்டுக்கு இவ்வளவு, குரோமுக்கு இவ்வளவு என்று கூட்டினால் வரும் தொகையை யாரும் தர மாட்டார்கள். பாதிக்கு மேல் திரும்பினாலே நல்ல விற்பனை என்பேன். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. இரண்டாவதைத்தான் விசாரிக்க வேண்டும்.

2. எந்த ஆண்டு வண்டி என்பது விலையில் பாதி. அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். இன்றும் குரோம் பம்பருக்குத்தான் கிராக்கி. ரப்பரைக் கழற்றிக் குரோம் மாட்டியிருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். சேசிஸ் எண்ணைப் பார்த்ததும் எப்படியும் தெரிந்துவிடும்.

3. பளபளப்பை நம்பாதீர்கள், சில்லைக் கவனியுங்கள். ரோட்ஸ்டருக்கு மேலே கூரை இல்லை, தனிச் சேசிஸும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குகிறது. கண்ணுக்குத் தெரிவது வெளித்தகடு மட்டும்; உள்ளே இன்னும் அடுக்குகள் உண்டு. உள்ளே துரு அரித்திருக்க, வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்து விற்ற வண்டிகளுக்குக் குறைவே இல்லை.

விவரம் தெரிந்தவர் சட்டைப்பையில் துணி சுற்றிய காந்தத்தோடு வருவார். சில் மேலும் பின்சக்கர வளைவிலும் வைத்துப் பார்ப்பார். பட்டி தடிப்பாக இருந்தால் ஒட்டாது. பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்வார். அப்போது அவர் கண் சக்கரத்தில் இருக்காது, கதவின் பின்விளிம்பில் இருக்கும். அந்த இடைவெளி மேலே குறுகினாலோ, கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இவை இரண்டையும் முன்கூட்டியே நீங்கள் செய்து பாருங்கள். வண்டி தேறினால், அவர் கேட்பதற்கு முன்பே ஜாக்கியை எடுத்து வையுங்கள். பேரம் சுருக்கமாக முடியும்.

4. முழு பாடியே புதிதாக இருந்தால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்.ஜி.பி.க்குப் புது பாடி செய்து விற்கிறது. ‘ஒரிஜினல் போய்விட்டதே’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவும் நாட்டில், ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு அதுதான் நிம்மதி. நான் வாங்குவதானால் அதைத்தான் தேடுவேன்.

5. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். வேலை முடிந்த பின் எடுத்த அழகுப் படங்கள் இரண்டு போதும். சில்லை அறுத்துத் திறந்தபோது, வெல்டிங் முடிந்து பெயிண்ட் ஏறாமல் இருந்தபோது எடுத்த படங்களுக்குத்தான் மதிப்பு. பில்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் கட்டினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். வண்டி செய்த தேதி, முதலில் அடித்த நிறம், இன்ஜின் எண் எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய வண்டியா என்பதும் அதில் தெரியும்.

6. ஓடிய மைல் உறுதியாகத் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். 2005 முதல் நடந்த எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிப் பரிசோதனைகளின் மைல் கணக்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ‘பார்த்தபடி விற்றது’ என்று எழுதி வாங்கிக்கொண்டால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பொய் சொல்லி விற்றிருந்தால் 1967-ஆம் ஆண்டின் தவறான தகவல் சட்டம் தனியாரையும் விடாது.

7. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால், 2018 மே முதல் எம்.ஓ.டி. கட்டாயமில்லை. ஆனாலும் விற்பதற்கு முன் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அந்தச் சிறு செலவு பேரத்தில் திரும்பி வரும்.

8. ஆளை வரச் சொல்லிவிட்டு இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பேச்சோடு பேச்சாக பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்த இன்ஜினை அவர் முன்னாலேயே சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான பின் சாலையில் போகும்போது ஆயில் மீட்டர் முள் 50-க்கு மேல் நிற்பதைக் காட்டுங்கள். ஓவர்டிரைவ் இருந்தால் போட்டுக் காட்டுங்கள். இரண்டு சொட்டு ஆயில் தரையில் கிடந்தால் பதறவேண்டாம். இந்த இன்ஜினின் சுபாவம் அது, வருபவருக்கும் தெரியும்.

9. டெஸ்ட் டிரைவில் முதலில் நீங்களே ஓட்டுங்கள். அவர் ஓட்டுவதானால் லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் கண்ணால் பார்த்த பிறகுதான். இன்ஜின் ஓடும்போது சாவியை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

10. வெயில் தலைகாட்டும் ஏப்ரல், மே மாதங்களில் விளம்பரம் கொடுங்கள். நவம்பர் மழையில் கூரையில்லாத வண்டியைத் தேடி வருபவர் மலிவாகக் கேட்கத்தான் வருகிறார். ஏலத்தில் விட்டால் கமிஷன் போகும். எம்.ஜி. கார் கிளப் போன்ற சங்கங்களில் சொல்லி வைத்தால் விவரமானவர்கள் வருவார்கள். அவர்களோடு பேரம் பேசுவது கடினம், ஆனால் நேரம் வீணாகாது.

11. பணம் ஏறிவிட்டதை உங்கள் வங்கிக் கணக்கில் நீங்களே பார்த்த பிறகுதான் சாவி. டிராஃப்டிலும் போலி உண்டு. லாக் புக்கில் உள்ள பச்சைச் சீட்டை மட்டும் அவரிடம் கொடுங்கள். வண்டிக்குச் சாலை வரி விலக்கு இருந்தாலும் உங்கள் வரிப் பதிவு அவருக்கு மாறாது. தன் பெயரில் வரிப் பதிவு செய்த பிறகே அவர் ஓட்டலாம் என்று சொல்லுங்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் விற்றதைப் பதிந்துவிடுங்கள். பதியாத வரை, அவர் வேகமாக ஓட்டி மாட்டினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.