கிறிஸ்தவர், சைவர்களின் தலைவர்

கேள்வி: சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த அரசியல்வாதிக்குப் பிற மதங்களிடம் சகிப்புத்தன்மை இயல்பாகவே அதிகம் இருக்குமா?
- ஒரு வாசகர், சோளக்காடு, கொல்லிமலை

பதில்: உங்கள் ஊர்ச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? இதையும் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

தந்தை செல்வா என்று ஈழத் தமிழர் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர். 1949-இல் அவர் தொடங்கிய தமிழரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். 1952-இல் காங்கேசன்துறைத் தொகுதியில் சு. நடேசன் என்ற இந்து வேட்பாளரிடம் தோற்றார். ஆனால் 1956-இல் அதே தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. மதத்தை ஓரமாக வைத்து மொழியை முன்னால் நிறுத்தியதுதான் காரணம் என்பேன்.

அதெல்லாம் சரி. சிறுபான்மையாக இருப்பது தருவது சகிப்புத்தன்மையை விட எச்சரிக்கையைத்தான். எச்சரிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. 1968-இல் செல்வநாயகத்தின் தொகுதிக்குள்ளேயே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடக் கூடாது என்று மறித்து நின்றார் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். படிப்புக்கும் பண்புக்கும் சம்பந்தமில்லை பாருங்கள்! அங்கே நடந்த கோயில் நுழைவுப் போராட்டத்தின் முன்வரிசையில் செல்வநாயகம் நிற்கவில்லை. கிறிஸ்தவருக்கு இந்துக் கோயிலில் என்ன வேலை என்ற ஒரு கேள்வி போதுமே, அவர் வாயை அடைக்க. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏற்க முடியவில்லை.

1970 தேர்தலில் சுந்தரலிங்கம் காங்கேசன்துறையிலேயே அவரை எதிர்த்து நின்றார். ஜெயித்தவர் செல்வநாயகம்.