பிரேக் பெடலைப் பற்றிய சில பிரமைகள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளின் முகப்பிலும் புதுப்பேட்டைச் சந்துகளிலும் வரிசையாகத் தொங்கும் மோட்டார் சைக்கிள் உறுப்புகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர், குரோமியப் பூச்சில் முகம் பார்க்கத் தக்கனவும், அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்துச் சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றியனவும், மிதிக்கும் தலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தனவுமான பிரேக் பெடல்களைக் காணாமல் போக முடியாது. வண்டியோடு கம்பெனிக்காரர் கொடுத்த கறுப்புப் பெடலைக் கழற்றிவிட்டு இவற்றில் ஒன்றைப் பொருத்துவது, பக்கக் கண்ணாடியையோ கைப்பிடி உறையையோ மாற்றுவது போன்ற வெறும் சிங்காரக் காரியம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். சிங்காரத்தின்மேல் எனக்கு விரோதம் கிடையாது. தன் வாகனத்தை அழகு பார்ப்பது மனித சுபாவம். ஆனால் பெடல் என்பது காலின் விசை சக்கரத்தை நோக்கிச் செல்லும் மார்க்கத்தில் முதலாவதாக நிற்கும் நெம்புகோல் ஆகையால், அதன் அளவில் நாம் செய்யும் ஒவ்வொரு மாறுதலும் மறுமுனையில், டிரம்முக்குள்ளேயோ டிஸ்க்கின் மேலேயோ, ஒரு விளைவை உண்டாக்கியே தீருகிறது. இந்த சம்பந்தத்தை மறந்ததனால் நிலைத்துவிட்ட அபிப்பிராயங்கள் பல.

அவற்றுள் சர்வ சாதாரணமானது, பெடலின் தலை அகலமாக இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது. அகலமான தலையை அவசரத்தில் கால் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம் என்பதும், மழையில் நனைந்த செருப்பு வழுக்காமல் இருக்க அதன்மேல் வெட்டிய பற்கள் உதவும் என்பதும் வாஸ்தவம். பிடிமானத்துக்கோ அகலத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லை. பாக்குவெட்டியின் நுனியில் வைத்தபோது அசைந்து கொடுக்காத கொட்டைப்பாக்கு, அதன் கீலுக்கு அருகே தள்ளி வைத்த மாத்திரத்தில் இரண்டாகப் பிளந்துவிடுவதை யாவரும் அறிவோம். பெடலுக்கும் அதுவே சாஸ்திரம். பெடல் சுழலும் அச்சிலிருந்து கால் மிதிக்கும் இடம் எவ்வளவு தூரம், அதே அச்சிலிருந்து பிரேக் ராடு மாட்டும் துவாரம் எவ்வளவு தூரம் என்ற இரண்டுக்கும் உள்ள விகிதமே காலின் விசையைப் பெருக்குகிறது. உதாரணமாக முதல் தூரம் 200 மில்லிமீட்டர், இரண்டாவது 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோ விசையோடு மிதிக்கும் கால் ராடை 60 கிலோ விசையோடு இழுக்கிறது. பார்வைக்கு அச்சாக அப்படியே இருக்கும் வேறொரு பெடலில் அந்தத் துவாரம் 65 மில்லிமீட்டரில் துளைக்கப்பட்டிருந்தால், அதே கால் அதே விசையோடு மிதித்தும் இழுப்பு ஏறக்குறைய 46 கிலோவாகக் குறைந்துபோகும். கடையில் நின்று பார்க்கிற எந்தக் கண்ணும் இந்த 15 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. இனி, பெடலை நீளமாக்கிவிட்டால் எல்லாம் நன்மையே என்று நினைப்பதும் தவறு. 200 மில்லிமீட்டரை 240 ஆக்கினால் இழுப்பு 72 கிலோவாக உயர்வது மெய்தான், ஆயினும் ராடை 5 மில்லிமீட்டர் நகர்த்துவதற்கு முன்பு 20 மில்லிமீட்டர் இறங்கிய கால் இப்போது 24 மில்லிமீட்டர் இறங்க வேண்டியிருக்கும். தாராளமாக விசை கிடைக்கும் இடத்தில் தூரம் செலவாகிறது. அந்தத் தூரம் கீழே இல்லாத வண்டியில் பெடல் ஃபுட்ரெஸ்ட்டிலோ சைலன்சரிலோ முட்டி நின்றுவிடும், பிரேக் பாதிதான் பிடித்திருக்கும்.

இதைவிட அபாயகரமான நம்பிக்கை ஒன்று உண்டு. பெடலில் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது, கால் பட்டவுடன் பிடிக்க வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி, புதுப் பெடலை மாட்டிய கையோடு நட்டை இறுக்கச் சொல்கிறவர்களை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். டிரம் பிரேக் உள்ள நம் சாதாரண மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் கைப்புத்தகத்தில், பெடல் நுனியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பது அலட்சியத்தால் அன்று. பிரேக் ஷூ டிரம்மை உரசாமல் விலகி நிற்பதற்கும், மேடுபள்ளங்களில் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது ராடு தானாக இழுபட்டுப் பிரேக் பிடிக்காமல் இருப்பதற்கும் வேண்டிய அவகாசம் அது. அந்த அவகாசத்தைப் பறித்தால் ஷூ ஓயாது தேய்ந்து சூடேறுகிறது, அதன் முகம் கண்ணாடிபோல் மழுங்குகிறது, கடைசியில் எந்தப் பிடிமானத்தை விரும்பி இறுக்கினோமோ அதுவே குறைகிறது.

டிஸ்க் பிரேக்கில் விஷயம் இன்னும் நுட்பமானது. பெடல் தள்ளும் புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை அழுத்துகிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முற்றிலும் பின்வாங்கி, சிலிண்டரையும் மேலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தையும் இணைக்கும் ஊசித் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். ஓட்டத்தில் சூடேறி விரியும் பிரேக் ஆயில் அந்தத் துவாரம் வழியாகத்தான் கிண்ணத்துக்குத் திரும்புகிறது. புதுப் பெடல் தம் காலுக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கிறதென்று புஷ் ராடை இரண்டு சுற்று நீட்டி விடுகிறவர், தம்மை அறியாமலே அந்தத் துவாரத்தைப் பிஸ்டனால் மூடி வைத்துவிடுகிறார். பிறகு நடப்பது இது: எண்ணெய் விரிகிறது, போக வழியில்லை, யாரும் மிதிக்காமலே அழுத்தம் ஏறுகிறது, பேடு டிஸ்க்கைக் கவ்வுகிறது, கவ்வியதால் மேலும் சூடு, சூட்டினால் மேலும் அழுத்தம். பட்டறை வாசலில் சரியாக இருந்த வண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனபின் இழுக்கத் தொடங்குவதும், சில சமயம் சக்கரமே பூட்டிக்கொள்வதும் இதனால்தான். ஆகவே பெடலின் உயரத்தைச் சரிசெய்ய விரும்புகிறவர், அதற்கென்று அமைந்த தடுப்பு போல்ட்டையும் புஷ் ராடையும் சேர்த்தே சரிசெய்து, கையால் அசைத்தால் தெரியும்படியான சிற்றாட்டத்தை விட்டுவைப்பது அவசியம். சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பதைவிட நல்ல பரீட்சை இதற்கு வேறில்லை.

அச்சில் மாட்டிக்கொண்டால் பொருத்தம் சரி என்பது கடைக்காரரின் நம்பிக்கை. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று அட்டைப்பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். பெடல் அச்சில் ஏறுவது பொருத்தத்தின் ஆரம்பம் மாத்திரமே. உள்ளே அச்சைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்திருந்தால் பெடல் பக்கவாட்டில் ஆடும். திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்குக்குக் கொக்கி இல்லாவிட்டால் பெடல் மெல்லத்தான் மேலேறும். பிரேக் விளக்கின் சுவிட்சை இழுக்கும் சிறு ஸ்பிரிங்குக்கு இடமே வைக்காத பெடல்களும் விற்கின்றன. அப்போது மெக்கானிக் ஒரு கம்பியை முறுக்கிக் கட்டிக் காரியத்தை முடித்துவிடுகிறார். சக்கரம் பிடிக்கத் தொடங்குமுன் விளக்கு எரிய வேண்டும் என்பதே நியமம். சதா எரிந்துகொண்டிருக்கும் விளக்கும் எரியாத விளக்கும் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒன்றுதான். சுவிட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு அதன் நட்டைத் திருகினால் இதைச் சரிப்படுத்திவிடலாம். உடலைத் திருகினால் ஒயர் அறுந்துபோகும்.

2019 ஏப்ரல் மாதத்திலிருந்து நம் தேசத்தில் விற்கப்படும் 125 சிசி வரையிலான வண்டிகளில், ஏபிஎஸ் இல்லையென்றால் இணைப்பு பிரேக் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அத்தகைய மோட்டார் சைக்கிள்களில் வலது காலால் மிதிக்கும் பெடல் பின்சக்கரத்தோடு முன்சக்கரத்தையும் ஓரளவு பிடிக்கிறது. ஒரே மிதியின் விசையை இரண்டாகப் பங்கிட்டு அனுப்பும் சிறு இணைப்பு பெடலோடு சேர்ந்தே அமைந்திருக்கிறது. அந்த இணைப்புக்கு இடமில்லாத வெளிக் கடைப் பெடலை இதில் மாட்டுகிறவர் முன் பிரேக்குக்குப் போகும் பங்கைத் தம் கையாலேயே கழற்றி வைத்தவராகிறார். இப்படிப்பட்ட வண்டிக்கு வெளிப் பெடல் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

புல்லட் அபிமானிகளுக்கு ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து மூலக் கம்பெனியோடு சேர்ந்து இங்கே தொடங்கி, திருவொற்றியூரில் வேரூன்றிய அந்த வண்டியில், நெடுங்காலம் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன. அமெரிக்காவில் 1974-இல் நடைமுறைக்கு வந்த விதி பிரேக்கை வலது காலுக்கு என்று நிர்ணயித்ததும், உலகத்து வண்டிகள் பெரும்பாலும் அதைப் பின்பற்றலாயின. பழைய புல்லட்டின் பிரேக்கை வலப்புறம் மாற்றிக் கேட்கும் இளைஞர்கள் இன்றும் உண்டு. டிரம் இடப்புறத்திலேயே இருக்க, வலது காலின் விசையை வண்டியின் குறுக்கே ஒரு தண்டின் வழியாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தண்டு மெல்லியதாயிருந்தால் முறுக்கிக்கொள்கிறது, இரு பக்கத்துப் புஷ்களின் தேய்மானமும் சேர்ந்து பெடலின் பயணத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. நேர் ராடோடு இருந்தபோது கல்போல் நின்ற பிரேக் இப்போது தொளதொளக்கிறதே என்று பெடலைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

டிஸ்க் வண்டியில் தொளதொளப்பைப் போக்க நீளப் பெடல் போடலாம் என்பதும் பிரமையே. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 டிகிரி. ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றினால் போதும்.

இரு சக்கர வாகனத்தில் பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்னுக்குச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. அதனால் பின் பெடல் எப்படியிருந்தாலும் பாதகமில்லை என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆனால் பாரம் குறைந்த சக்கரம் சுலபத்தில் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்பதனாலேயே, பின் பெடலின் விகிதத்தை அளவறியாமல் கூட்டுவது குறைப்பதைப்போலவே தீமை. மூன்று சக்கர டிரைக்கிலோ அந்த வாதம் அடியோடு செல்லாது. பின்னால் இரண்டு சக்கரங்கள் கொண்ட டிரைக்கில் கணிசமான பாரமும் அங்கேயே இருக்கிறது. முன்னால் இரண்டு சக்கரங்களோடு கனடாவில் செய்யப்படும் கேன்-ஆம் ஸ்பைடரிலோ கைப்பிடியில் பிரேக் லிவரே கிடையாது, வலது காலடியிலுள்ள ஒரே பெடல்தான் மூன்று சக்கரங்களையும் நிறுத்துகிறது. அதன் பெடலை அகலமாக்க மேலே கவ்வும் தகடு ஒன்று தளர்ந்து கழன்று கால் வழுக்கினால், ஓட்டத்தில் அந்தக் கணத்தில் பிடிக்க வேறு பிரேக் லிவர் ஏதுமில்லை.

உலோகத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. கடைந்த அலுமினியம் இரும்பைவிட உயர்ந்தது என்கிறார்கள். எடை குறைவு, துருப்பிடியாது, அவ்வளவே. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு உட்பட்ட விசையை எத்தனை லட்சம் முறை பிரயோகித்தாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை, ஆகவே அதைத் தாராளமான கனத்தில் செய்ய வேண்டும். வண்டி சாய்ந்தால் எஃகுப் பெடல் வளைந்து, அடிபட்டதைக் கண்ணுக்குக் காட்டும். மட்டமான வார்ப்பு அலுமினியம் உள்ளே விரிசலிட்டு, வெளியே பளபளப்போடு இருந்து, ஒருநாள் பலமாக மிதிக்கும்போது முறியும். அதை வெல்டிங் பட்டறையில் ஒட்டவைப்பது கூடவே கூடாது. வெப்பத்தால் பதப்படுத்திய அலுமினியக் கலவை பற்றவைத்த இடத்தைச் சுற்றித் தன் பலத்தை இழந்துவிடுகிறது.

பெடலை மாற்றினால் போலீசார் பிடிப்பார்கள் என்ற பயமும் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. பெடலின் வடிவம் அந்தப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. ஆனால் வண்டியில் பிரேக் செவ்வனே வேலை செய்ய வேண்டும் என்ற விதி புதுப் பெடலுக்கும் பழைய பெடலுக்கும் பொது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பழைய பெடலைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, அச்சுத் துவாரத்தின் மையத்திலிருந்து ராடு துவாரத்தின் மையம்வரை ஸ்கேலால் அளந்து, அளவு ஒத்தால் மாத்திரம் பணத்தைக் கொடுங்கள். பொருத்தும்போது கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடியும் போட விடாதீர்கள். புதிதாக ஒன்று போடச் சொல்லுங்கள்.