மம்பட்டியும் ஒரு மெஷின்தான்



ரோபோ, டிரோன், ஏஐ என்று எழுதும் இதழில் நான் மம்பட்டியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற எனக்கு ஒரு மண்வெட்டியைப் பார்த்து வாங்கத் தெரியாது, பிடிக்கவும் தெரியாது. இது போன ஐப்பசியில்தான் எனக்கே தெரிந்தது.

எங்க ஊர் மண்டபத்தூர். காரைக்கால் மாவட்டத்துக் கடலோர ஊர். எங்களுக்குப் பெரிய மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. லீவுக்கு வந்திருந்தேன். ராத்திரி முழுக்கக் கொட்டி, கொல்லையில் தேங்கிய தண்ணீர் சமையலறைப் படி வரை ஏறிவிட்டது. வாய்க்கால் வெட்டித் தெருப்பக்கம் விடணும். வீட்டில் இருந்த பழைய மம்பட்டி துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது. அவசரத்துக்கு ஒரு கடையில் பளபளன்னு பெயின்ட் அடித்த புதுசு ஒன்றை வாங்கி வந்து வெட்ட ஆரம்பித்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகலை. ஓங்கி இறக்கும்போது தலை காம்பை விட்டுக் கழன்று பறந்தது. எதிரே டார்ச் பிடித்து நின்ற தங்கச்சிக்கு ஒரு ஜாண் தள்ளி சுவரில் அடித்து விழுந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகலை. எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கலை.

சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுத் தாத்தா, கழன்ற தலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இன்ஜினியருக்குப் படிக்கிற. கண்ணு எப்படி இருக்குன்னு பாக்காமயா வாங்கின?" என்றார். அவர் அன்று சொல்லிக் கொடுத்ததையும், நான் அப்புறம் உட்கார்ந்து போட்ட கணக்கையும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

1. தலை ஏன் பறந்தது?

மம்பட்டிக்கு மூன்று பாகம். மண்ணை வெட்டும் தகடு, காம்பு நுழைகிற வளையமான கண், அப்புறம் மரக் காம்பு. சிலர் காம்பைக் கணை என்பார்கள்.

ஓங்கி இறக்கும்போது தலை ஒரு வட்டப் பாதையில் போகிறது. தலையின் எடை 1.5 கிலோ, வேகம் வினாடிக்கு 6 மீட்டர், தோளிலிருந்து தூரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷம் படித்த mv²/r-ஐ மம்பட்டிக்குப் போட்டால் 45 நியூட்டன் வரும். அதாவது ஒவ்வொரு வெட்டிலும் நாலரை கிலோ எடை, தலையைக் காம்பிலிருந்து வெளியே இழுக்கிறது. அதோடு மண்ணில் மோதும் அதிர்ச்சியும் சேரும். இதைத் தாங்க வேண்டியது கண்ணுக்கும் காம்புக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு மட்டும்தான்.

என் மம்பட்டியில் காம்பு ஒரே கனமாக இருந்தது. ஒரு சின்ன ஆப்பு அடித்து, அதன் மேல் பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள். தாத்தாவின் மம்பட்டியில் காம்பின் தலைப்பக்கம் பருத்தும் கைப்பக்கம் ஒல்லியாகவும் இருக்கும். கைப்பக்கத்தை முதலில் கண்ணுக்குள் நுழைத்துக் கடைசிவரை இழுத்தால் பருத்த பாகம் வந்து இறுகிக்கொள்ளும். தலை வெளியே போகப் பார்த்தாலும் அந்தப் பருத்த பாகத்தில் போய் இன்னும் இறுகுமே தவிரக் கழலாது. நாம் டேப்பர் ஃபிட் என்று படிப்பது இதைத்தான்.

2. கடையில் என்ன பார்க்கணும்?

கண்: தகடும் கண்ணும் ஒரே இரும்பில் அடித்துச் செய்ததா, தனியாக வெல்டிங் வைத்ததா என்று பாருங்க. வெல்டிங் என்றால் பற்று சுற்றிலும் முழுசாக இருக்கணும். அங்கங்கே புள்ளி வைத்த மாதிரி இருந்தால் வேண்டாம்.

தகடு: கண்ணில் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு நாணயத்தால் தட்டுங்க. கணீர் என்று கேட்டால் நல்லது. மொந்தையாகக் கேட்டால் விரிசலோ மோசமான வெல்டிங்கோ இருக்கலாம். விளிம்பில் அரத்தை லேசாகத் தேய்த்துப் பாருங்க. வெண்ணெய் மாதிரி இழைந்தால் இரும்பு மெது, சீக்கிரம் மழுங்கும். இவ்வளவு எளிய கருவிக்கும் நம் நாட்டில் தரநிலை இருக்கிறது. 'பவுரா' என்ற பெயரில் ஐ.எஸ். 1759.

காம்பு: மரத்தின் ரேகை காம்பின் நீளத்தோடு ஓடணும். குறுக்கே சாய்ந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். கணு இருந்தாலும், குறிப்பாகக் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், வேண்டாம். கருவேலங் காம்பு நன்றாக உழைக்கும். பெயின்ட் அடித்த காம்பில் ரேகை தெரியாது, அதனால் பெயின்ட் இல்லாததைக் கேளுங்க. கனமும் முக்கியம். உருண்டைக் காம்பு வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 32 மில்லிமீட்டருக்குப் பதில் 38 எடுத்தால் பலம் சுமார் 67 சதவீதம் கூடும். ஆனால் உங்க கைக்குள் அடங்குகிற கனத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.

நீளம்: தலையைத் தரையில் வைத்துக் காம்பை நிமிர்த்தினால் நுனி இடுப்புக்கு வரணும் என்பது தாத்தா கணக்கு. குட்டையாக இருந்தால் அதற்கான விலையை முதுகுதான் கொடுக்கும்.

3. எந்த மண்ணுக்கு எது?

இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பாடத்தில் ஃபிரெடரிக் டெய்லர் பெயர் வருமே, நினைவிருக்கா? 1900 வாக்கில் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில், ஆட்கள் ஷவலால் அள்ளுவதைக் கவனித்தவர். ஒரு அள்ளுக்குச் சுமார் 21 பவுண்டு, நம் கணக்கில் ஒன்பதரை கிலோ இருந்தால் நாள் முழுக்க அதிக வேலை நடக்கிறது என்று கண்டார். அதனால் லேசான பொருளுக்குப் பெரிய ஷவல், கனமான பொருளுக்குச் சின்ன ஷவல் கொடுத்தார். மம்பட்டி வேலை வேறு, அந்த 21 பவுண்டு நமக்குப் பொருந்தாது. ஆனால் பொருளுக்கு ஏற்ற அளவு என்ற பாடம் பொருந்தும்.

எங்க ஊர்க் கடலோர மணலுக்கு அகலத் தகடு சரி, வாரி இழுக்கலாம். மேற்கே வயல் பக்கம் போனால் காவிரி டெல்டாவின் களிமண். அங்கே அகலத் தகடு மண்ணில் மாட்டிக்கொள்ளும், ஒட்டவும் செய்யும். கொஞ்சம் குறுகின தகடு எடுத்து, அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்க. கல்லோ தென்னை வேரோ வந்தால் மம்பட்டியை நெம்புகோல் ஆக்காதீங்க, அது கடப்பாரை வேலை. நிறைய காம்பு முறிவது இப்படி நெம்பும்போதுதான்.

4. வெட்டும்போது

முதலில் வேலையின் அளவைத் தெரிஞ்சுக்கணும். 10 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் ஆழம், சராசரி 30 சென்டிமீட்டர் அகலம் என்றால் 0.9 கன மீட்டர். மணலில் அது சுமார் ஒன்றரை டன்! ஒரு வாரலுக்கு 4 கிலோ என்றால் 375 தடவை. இதை ஒரே மூச்சில் செய்யப் பார்த்ததுதான் என் இரண்டாவது தப்பு.

கால் அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்க. தகடு உங்களை நோக்கித்தான் வரும், அதனால் வெட்டும் கோட்டில் கால் இருக்கக் கூடாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. தலைக்கு மேல் ஓங்க வேண்டியதில்லை. மணலுக்குத் தோள் உயரம் போதும், மிச்சத்தை மம்பட்டியின் எடையே பார்த்துக்கொள்ளும். மண்ணைப் பக்கவாட்டில் போடும்போது இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்கை, பின்கை மாற்றுங்க.

வாய்க்காலின் இரு பக்கமும் சரிவாக இருக்கட்டும். ஈர மணல் கொஞ்ச நேரம் நிற்கும், காய்ந்ததும் சரியும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போடுங்க. 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தானாகப் போகும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் இருந்தால் அளந்துடலாம். கரன்ட் வயரோ தண்ணீர்க் குழாயோ அந்தப் பக்கம் போகுதான்னு முதலிலேயே வீட்டில் கேட்டுக்கோங்க.

முக்கியமானது, வெட்டுபவருக்கு எதிரேயோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. டார்ச் பிடிப்பவர் பக்கவாட்டில், நாலைந்து அடி தள்ளி நிற்கட்டும். துரு பிடித்த தகடு காலில் பட்டால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்க, டிடி ஊசி வேணுமான்னு அவர் சொல்வார்.

5. வேலை முடிந்ததும்

எங்க ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மண்ணைக் கழுவி, துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வைங்க. தகடு மழுங்கினால் அரத்தால் ஒரே பக்கமாகத் தீட்டினால் போதும்.

காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். அது அன்றைக்கு மட்டும்தான் உதவும். மரம் ஊறி உப்பும்போது இரும்புக் கண் அதை நசுக்கிவிடும், காய்ந்ததும் முன்பைவிட லூசாகும். ஆப்பை மாற்றுங்க, இல்லைன்னா காம்பையே மாற்றுங்க.

அன்று தாத்தாவின் மம்பட்டியை வாங்கித்தான் வாய்க்காலை முடித்தேன். மறுநாள் அவரே பருத்த தலை வைத்த கருவேலங் காம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தார். கழன்ற தலைக்கு அதுதான் இப்போது காம்பு. சுவரில் காரை பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது. பூசிவிடலாம் என்று அம்மா சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

இந்த வாரம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். கொல்லையில் கிடக்கும் மம்பட்டியை எடுங்க. காம்பை ஒரு கையால் பிடித்து, தலையை மறு கையால் ஆட்டிப் பாருங்க. துளி ஆடினாலும், மழை வருவதற்குள் சரி பண்ணிடுங்க.