தோளுக்குப் பாரமில்லாத தார்ப்பாய்



போன ஐப்பசியில் எங்க தாத்தா காட்டுக் காவலுக்குப் போகும்போது, பாரம் என்று தார்ப்பாயை வீட்டிலேயே விட்டுட்டுப் போனார். ராத்திரி மழை. விடியக்காலை நடுங்கிக்கிட்டே வந்தார். அதனால்தான் இந்தக் கணக்கு.

கடையில் "எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் என்பதே அது.

பழைய பாய்: 4 × 5 மீட்டர், 250 ஜி.எஸ்.எம்.
20 × 250 = 5,000 கிராம். அஞ்சு கிலோ!

ஒருவர் படுக்க 3 × 3 மீட்டர் போதும்.
100 ஜி.எஸ்.எம். பாலித்தீன்: 9 × 100 = 900 கிராம்.
45 ஜி.எஸ்.எம். சிலிகான் பூசிய நைலான்: 9 × 45 = 405 கிராம்.

மலையேறுபவர்கள் தூளி கட்டித் தூங்க, மேலே நைலானும் கட்டுவார்கள். ஆனால் விலை அதிகம். நனைந்தால் தொய்யும், கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டணும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. பாலித்தீன் மலிவு, ஆனால் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நொறுங்கிப்போகும். வேலை முடிந்ததும் மடித்து நிழலில் வையுங்கள். மெல்லிசான பாய் எதுவானாலும் முள்ளில் பட்டால் கிழியும், கவனம்!

தாத்தாவுக்கு 900 கிராம் பாய் வாங்கினோம். இப்போ மறக்காம எடுத்துட்டுப் போறார்.

உங்க வீட்டுப் பாய் எத்தனை கிலோ? கணக்குப் போட்டுப் பாருங்களேன்!

– 9ஆம் வகுப்பு மாணவி